தனிப் படகுப் பயணத்தை ஃபிஜியில் முடிப்பது எப்படி

பனாமாவிலிருந்து மார்ச் வாக்கில் கிளம்பி, மர்க்கேசாஸ், தஹிதி, குக் தீவுகள், டோங்கா என்று தீவு தீவாக மேற்கே வரும் பாய்மரப் படகுகள் ஆகஸ்ட், செப்டம்பர் அளவில் ஃபிஜியை எட்டும். பலருக்கு அந்தப் பருவத்தின் கடைசித் தீவுக்கூட்டம் அதுதான். நவம்பர் 1 முதல் ஏப்ரல் 30 வரை அந்தப் பக்கம் புயல் பருவம். அதற்குள் படகைக் கரையேற்றிப் பூட்டிவிட்டு விமானம் ஏற வேண்டும், அல்லது தெற்கே நியூசிலாந்துக்கு ஓட வேண்டும்.

படகில் நாலு பேர் இருந்தால் இந்த வேலைகள் பங்கு பிரிந்துவிடும். தனி ஆளுக்கு எல்லாமே தன் தலையில். அதோடு, மாதக்கணக்கில் துண்டுத் தூக்கம் தூங்கிய உடம்பு, 'வந்து சேர்ந்தாச்சு' என்ற நினைப்பில் தளர்ந்துபோகிற நேரமும் இதுதான். முதல்முறை தனியாக வருகிறவர்களை மனதில் வைத்து, கடைசிக் கடல் தாவலிலிருந்து படகைப் பூட்டுவது வரை வரிசையாகச் சொல்கிறேன்.

முதல் வேலை: முடிவிலிருந்து பின்னோக்கித் திட்டமிடுங்கள்

தஹிதியில் இருக்கும்போதே மூன்று விஷயங்களை முடிவு செய்துவிடுங்கள். படகு புயல் பருவத்தில் எங்கே நிற்கும்? காப்பீட்டு நிறுவனம் அந்த இடத்தை ஒத்துக்கொள்ளுமா? நீங்கள் எந்த மாதம் ஊர் திரும்ப வேண்டும்?

ஃபிஜியில் படகை விட்டுப்போக நினைப்பவர்கள் பலர் தேர்ந்தெடுப்பது வூடா மரினாவை. நாடிக்கும் லௌடோக்காவுக்கும் நடுவில் இருக்கிறது. பவளப்பாறையை வெட்டிய ஒடுங்கிய கால்வாய் வழியாக உள்ளே போனால் வட்டமான குளம்போல ஒரு சிறு துறை. கரையில் நீளமான பள்ளங்கள் தோண்டி வைத்திருப்பார்கள். படகின் அடியில் துருத்தி நிற்கும் கீல் பள்ளத்துக்குள் இறங்கும். உடம்புப் பகுதி தரைமட்டத்தில் பழைய டயர்கள்மேல் உட்காரும். முட்டுக்கால் வைத்து உயரத்தில் நிறுத்திய படகு புயலில் சரிந்தால் பக்கத்துப் படகையும் சேர்த்துச் சாய்த்துவிடும். பள்ளத்தில் இறங்கிய படகுக்கு அந்தப் பயம் மிகக் குறைவு. காப்பீட்டுக்காரர்களும் இதைத்தான் கேட்கிறார்கள். இந்தப் பள்ளங்கள் பல மாதங்களுக்கு முன்பே நிரம்பிவிடும் என்பதால்தான் தஹிதியிலேயே முடிவு செய்யச் சொன்னேன். முன்பணம் கட்டி, உறுதிக் கடிதம் வாங்கி, அதைக் காப்பீட்டு நிறுவனத்துக்கு அனுப்புங்கள். தனியாக ஓட்டுவதற்குக் காப்பீடு செல்லுமா, எத்தனை கடல் மைல் வரை செல்லும் என்பதையும் அதே கடிதத்தில் கேட்டுவிடுங்கள். சில பாலிசிகளில் நீண்ட கடற்பயணத்துக்குக் குறைந்தது இரண்டு பேர் வேண்டும் என்ற நிபந்தனை சின்ன எழுத்தில் இருக்கும்.

'மிதவையில் கட்டிவிட்டுப் போனால் போதாதா, செலவு குறையுமே' என்று தோன்றும். 2016 பிப்ரவரி 20 அன்று ஃபிஜியைத் தாக்கிய வின்ஸ்டன் ஐந்தாம் வகைப் புயல்; 44 பேர் இறந்தார்கள். பாதுகாப்பான இடம் என்று பெயரெடுத்த சவுசவுவில் மிதவைகளில் கட்டியிருந்த பல படகுகள் கரையில் போய் ஏறின. ஆளில்லாத படகை ஆறு மாதம் தண்ணீரில் விடுவதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

ஊர் திரும்பும் விமானச் சீட்டை மட்டும் இப்போதே எடுக்காதீர்கள். எடுத்தே ஆக வேண்டுமென்றால் தேதி மாற்றக்கூடிய சீட்டாகப் பாருங்கள். சீட்டில் அச்சான தேதிக்காக மோசமான வானிலையில் கிளம்பியவர்களின் கதைகள் எல்லாத் துறைமுகத்திலும் கிடைக்கும்.

கடைசித் தாவல்: வவாவுவிலிருந்து சவுசவு

டோங்காவின் வவாவுவிலிருந்து ஃபிஜியின் சவுசவுவுக்குச் சுமார் 400 கடல் மைல். தென்கிழக்கு வாணிபக் காற்று பின்னாலிருந்து தள்ளும், அலையும் பின்னால். ஓட்டுவதற்குச் சுலபமான தூரம்தான். ஆனால் வழியில் லாவ் தீவுக்கூட்டம் வடக்கு தெற்காக நீண்டு கிடக்கிறது, அதைச் சுற்றிலும் பவளத்திட்டுகள். நடுவே அகலமான வழிகள் உண்டு என்றாலும் பகலில் கடப்பதுதான் தனி ஆளுக்குச் சரி.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். சராசரி 5 நாட் (மணிக்கு 5 கடல் மைல்) வேகம் என்றால் 80 மணி நேரம். வியாழன் மாலையே டோங்கா காகிதங்களை முடித்துவிட்டு வெள்ளி காலை 8 மணிக்குக் கிளம்பினால், லாவ் தீவுகள் ஞாயிறு பகலில் வரும். திங்கள் பிற்பகல் சவுசவு வாசல். டோங்கா நேரத்திலிருந்து ஃபிஜி நேரம் ஒரு மணி பின்னால், ஆக மாலை 4 மணி என்பது அங்கே 3 மணி. காற்று குறைந்து இருட்டிவிட்டால் வெளியிலேயே நின்று செவ்வாய் காலை உள்ளே போகலாம். எப்படிப் பார்த்தாலும் வார நாளில் போய்ச் சேருவீர்கள். வார இறுதியிலோ அலுவலக நேரம் கழிந்தோ போனால் அதிகாரிகள் வருவதற்குக் கூடுதல் நேரக் கட்டணம் விழும். வேகம் உங்கள் கையில் இல்லை. கிளம்பும் நேரம் உங்கள் கையில் இருக்கிறது.

தூக்கம். நடுக்கடலில் ஒரு மணி நேரம் சேர்ந்தாற்போலத் தூங்கிப் பழகியிருப்பீர்கள். தீவுகளை நெருங்கும்போது அந்தப் பழக்கம் ஆபத்து. 20 நிமிடத்துக்கு ஓர் அலாரம், எழுந்து அடிவானத்தை ஒரு சுற்றுப் பார்வை, ரேடார் இருந்தால் ஒரு முறை அதையும் ஓடவிடுவது என்று மாற வேண்டும். கப்பல்கள் தம் இடத்தை அறிவிக்கும் ஏஐஎஸ் கருவி சரக்குக் கப்பல்களைக் காட்டும். உள்ளூர் மீனவர்களின் ஃபைபர் படகில் அது இருக்காது, விளக்குகூட இருப்பது சந்தேகம். அதனால் தாவலின் முதல் இரண்டு நாளில், திறந்த கடலில், எவ்வளவு முடியுமோ அவ்வளவு தூக்கத்தைச் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். கடைசி இரவு தூங்கக் கிடைக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

வெளியில் நிற்பது எப்படி என்று பழகியிருக்க வேண்டும். முன்பாயைக் காற்று வரும் பக்கம் இழுத்துக் கட்டி, பெரிய பாயைச் சுருக்கி, சுக்கானைக் காற்றை நோக்கித் திரும்பும்படி கட்டிவிட்டால், படகு மெல்லக் காற்றோடு நகர்ந்தபடி அமைதியாக நிற்கும். எந்தத் திசையில், மணிக்கு எவ்வளவு நகர்கிறது என்று அரை மணி நேரம் கவனித்துக் குறித்துக்கொள்ளுங்கள். காற்று படகைத் தள்ளும் பக்கத்தில் குறைந்தது 15 கடல் மைலாவது திறந்த தண்ணீர் இருக்க வேண்டும். விளக்கு தெரிகிறது, வழி தெரியும், உள்ளே போய்விடலாம் என்று இரவு இரண்டு மணிக்கு மனம் சொல்லும். அந்த மனத்துக்கு ஒரு டீ போட்டுக் கொடுத்துவிட்டு விடியும்வரை வெளியிலேயே நில்லுங்கள்.

இன்னொன்று. 180 பாகைத் தீர்க்கரேகை ஃபிஜிக்குள்ளே, தவெயுனி தீவை வெட்டிக்கொண்டு போகிறது. அதைத் தாண்டியதும் ஜிபிஎஸ்ஸில் மேற்கு 179 என்பது கிழக்கு 179 ஆகும். கையால் ஓர் இடக்குறி பதியும்போது மேற்கு, கிழக்கு மாறிவிட்டால் அது நூறு கடல் மைலுக்கு மேல் தள்ளி விழும். எல்லா இடக்குறிகளையும் டோங்காவில் இருக்கும்போதே பதிந்து, வரைபடத்தில் கண்ணால் சரிபார்த்துவிடுங்கள்.

பவளத்திட்டுக்குள் நுழைவது

ஃபிஜியின் சில பகுதிகளில் மின்னணு வரைபடம் தரையோடு பொருந்தாது. வரைபடத்தில் ஆழமான தண்ணீரில் இருப்பதாகக் காட்டும், கண்ணெதிரே பாறை நிற்கும். அதற்காகத்தான் செயற்கைக்கோள் படங்களை முன்கூட்டியே இறக்கி, ஓப்பன்சிபிஎன் போன்ற செயலியில் வரைபடத்தின் மேல் வைத்துப் பார்க்கிறார்கள். இணையம் கிடைக்கும் ஊரிலேயே இதைச் செய்துகொள்ளுங்கள்.

அப்புறம் கண். காலை பத்து மணிக்கும் பிற்பகல் மூன்று மணிக்கும் நடுவில், சூரியன் உயரே இருக்கும்போது மட்டும் திட்டுகளுக்குள் ஓட்டுங்கள். தண்ணீரின் பளபளப்பைக் குறைக்கும் போலரைஸ்டு கறுப்புக் கண்ணாடி கட்டாயம். கருநீலம் ஆழம், வெளிர்ப்பச்சை மணலடியோடு கூடிய ஆழமற்ற தண்ணீர், பழுப்பு என்றால் பவளம், அந்தப் பக்கமே போகாதீர்கள். நம் ஊர்ப் பழக்கத்தில் ஒரு விஷயம் குழப்பும்: தென்பாதியில், அதுவும் அந்த மாதங்களில், நடுப்பகல் சூரியன் வடக்குப் பக்கம் இருக்கும். வடக்கு நோக்கியோ வடமேற்கு நோக்கியோ மாலையில் நுழைந்தால் கண் கூசி எதுவும் தெரியாது.

வழிகாட்டும் மிதவைகளின் நிறங்களும் கவனம். பனாமாவில் உள்ளே நுழையும்போது சிவப்பு வலப்பக்கம் இருக்கும். ஃபிஜியில், இந்தியாவில் இருப்பதைப்போல, சிவப்பு இடப்பக்கம்.

தனியாக நங்கூரம் போடுவதற்கு நீங்கள் இதற்குள் ஒரு முறை வைத்திருப்பீர்கள், அதையே செய்யுங்கள். ஆழம் 15, 20 மீட்டர் என்பது இங்கே சாதாரணம். சங்கிலி போதுமான நீளம் இருக்கிறதா என்பது மட்டும்தான் கேள்வி.

அதிகாரிகள்

வருவதற்குக் குறைந்தது 48 மணி நேரம் முன்பே சுங்கத்துறைக்கு வருகைப் படிவத்தை மின்னஞ்சலில் அனுப்ப வேண்டும். விதிகள் மாறும், படிவமும் மாறும். டோங்காவை விடும் முன் சுங்கத்துறைப் பக்கத்தில் ஒருமுறை பாருங்கள். சவுசவு, லெவுக்கா, சுவா, லௌடோக்கா ஆகியவை நுழைவுத் துறைமுகங்கள். லாவ் தீவுகள் வழியில் எவ்வளவு அழகாகத் தெரிந்தாலும், நுழைவு முடியும் முன் அங்கே நங்கூரம் போடக் கூடாது. கிழக்கிலிருந்து வருகிறவர்களுக்குச் சவுசவு வசதி. லௌடோக்காவில் நுழைந்துவிட்டுக் கிழக்கே திரும்பி வருவதென்றால் காற்றுக்கு எதிராக முட்டிக்கொண்டு வர வேண்டும்.

மஞ்சள் கொடியை ஏற்றிவிட்டுப் படகிலேயே இருங்கள். சுகாதாரம், உயிரிப் பாதுகாப்பு, சுங்கம், குடிவரவு என்று வருவார்கள். பழம், காய்கறி, முட்டை, இறைச்சி, தேன் இவற்றைப் பறிமுதல் செய்ய வாய்ப்பு அதிகம்; கடைசி மூன்று நாளில் சாப்பிட்டுத் தீர்ப்பதுபோலச் சமையலைத் திட்டமிடுங்கள். மருந்துகளுக்குச் சீட்டு வைத்திருங்கள்.

தனி ஆள் மறக்காமல் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. படகில் வந்த கேப்டன் நீங்கள். விமானத்தில் போகப்போவதும் நீங்கள். படகை விட்டுவிட்டுப் போவதைச் சுங்கத்துக்கும் குடிவரவுக்கும் முதல் நாளே சொல்லி, அதற்கு என்ன கடிதம் வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். படகு எவ்வளவு காலம் வரியில்லாமல் நாட்டில் இருக்கலாம் என்பதைத் தேதியோடு எழுத்தில் வாங்குங்கள். உள்நாட்டில் ஊர் ஊராகப் போகவும் அனுமதிச் சீட்டு வேண்டும், அதையும் அப்போதே கேட்டு வாங்கலாம்.

எல்லாம் முடிந்ததும் உங்கள் வரவுக்காகக் கரையில் காத்திருக்கும் ஆளுக்குச் செய்தி அனுப்புங்கள். 'வந்துவிட்டேன், தேட வேண்டாம்' என்று தெளிவாக. படுத்துத் தூங்கும் முன் இதைச் செய்ய வேண்டும், ஏனென்றால் நீங்கள் தூங்கப்போவது பதினாறு மணி நேரமாக இருக்கலாம். முதல் இரண்டு நாள் பணம் சம்பந்தப்பட்ட எந்த முடிவும் எடுக்காதீர்கள். படகை விற்றுவிடலாம் என்று தோன்றுவதும் அந்த இரண்டு நாளில்தான்.

சவுசவுவிலிருந்து வூடா வரை

ஃபிஜியின் இரண்டு பெரிய தீவுகளுக்கும் நடுவே 120 கடல் மைலுக்கு மேல் மேற்கே போக வேண்டும். இடையில் இருக்கும் கடலுக்கு ப்ளை நீரிணை என்று பெயர். 1789-ல் கலகக்காரர்கள் கப்பலைப் பறித்துக்கொண்டு திறந்த படகில் இறக்கிவிட்ட கேப்டன் ப்ளை, இந்த வழியாகத்தான் கரை ஒதுங்கப் பயந்து, உள்ளூர்த் தோணிகள் துரத்த ஓடினார். உங்களை யாரும் துரத்த மாட்டார்கள். பகலில் மட்டும் ஓட்டி, மூன்று நாலு நாளில் நிதானமாகப் போங்கள்.

வழியில் கிராமத்தின் முன்னால் நங்கூரம் போட்டால் முதலில் ஊர்த் தலைவரைப் பார்த்து யங்கோனா (கவா பானம் செய்யும் வேர்) கட்டு ஒன்றை வைத்து அனுமதி கேட்பது முறை. செவுசெவு என்பார்கள். அரைக் கிலோ வேர் போதும், சந்தையில் செய்தித்தாளில் சுற்றி விற்பார்கள். ஊருக்குள் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் கூடாது, தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். மாதக்கணக்கில் யாரோடும் உட்கார்ந்து பேசாத ஆளுக்கு அந்தப் பாயில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பது எந்த மருந்தைவிடவும் நல்லது.

லௌடோக்காவுக்கு முன்னால் நங்கூரம் போட்டால் காலையில் தளமெல்லாம் கரும்புச் சக்கைச் சாம்பல். சர்க்கரை ஆலை ஓடும் மாதங்கள் அவை. வெள்ளைப் பாய்களை மூடி வையுங்கள். அந்தக் கரும்புக்காகத்தான் 1903 முதல் சென்னைத் துறைமுகத்திலிருந்தும் ஒப்பந்தக் கூலிகளைக் கப்பல் ஏற்றினார்கள். அவர்கள் வாரிசுகளில் பலருக்கு இன்று தமிழ் பேச்சில் இல்லை, ஃபிஜி இந்திதான். ஆனால் நாடிக் கடைத்தெரு முடிவில் கோபுரத்தோடு நிற்கும் முருகன் கோயிலும், 1926-ல் தொடங்கிய தென்னிந்திய சன்மார்க்க ஐக்கிய சங்கமும், அதன் பள்ளிகளும் இருக்கின்றன. வூடாவில் படகு வேலை பார்க்கும் நாட்களில் ஒரு மாலை போய்விட்டு வரலாம்.

கரையேற்றுவதும் பூட்டுவதும்

இதற்கு முழுதாகப் பத்து நாள் ஒதுக்குங்கள். மூன்று நாளில் முடியும் என்று நினைப்பவர்கள் வெயிலை மறந்துவிடுகிறார்கள். பதினொரு மணிக்கு மேல் படகின் உள்ளே யாராலும் வேலை செய்ய முடியாது. படகு இன்னும் தண்ணீரில் இருக்கும்போதே பாதி வேலையை முடித்துவிடுவது புத்திசாலித்தனம்.

பாய்களில் தொடங்குங்கள். காற்றில்லாத காலையில், நல்ல தண்ணீரில் உப்புப் போக அலசி, முழுக்கக் காய்ந்த பிறகு மடித்து உள்ளே வையுங்கள். உருளையில் சுருட்டிய முன்பாயை அப்படியே விட்டுப்போவதுதான் பலர் செய்யும் தவறு. புயல் காற்று ஒரு நுனியைப் பிடித்து உருவினால் பாய் கிழிவதோடு நிற்காது, பாய்மரத்தையே சாய்த்துவிடும். வெயில் மறைப்புத் துணி, காற்றாலை இறக்கைகள், கழற்றக்கூடிய சூரியத் தகடுகள், ரப்பர் தோணி எல்லாம் உள்ளே. பாய் ஏற்றும் கயிறுகளுக்குப் பதிலாக மெல்லிய நூல்கயிற்றை விட்டுவிட்டு, நல்ல கயிறுகளைக் கழற்றி அலசிச் சுருட்டுங்கள்.

எஞ்சின் எண்ணெயைத் திரும்பி வந்த பிறகு மாற்றலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். பழைய எண்ணெயில் சேர்ந்த அமிலம் ஆறு மாதம் உள்ளே உட்கார்ந்து உலோகத்தை அரிக்கும். இப்போதே மாற்றி, புது எண்ணெயோடு ஐந்து நிமிடம் ஓடவிடுங்கள். கடல்நீர் போகும் பாதையில் நல்ல தண்ணீர் ஓடவிட்டு, பம்பின் ரப்பர் சக்கரத்தைக் கழற்றி ஒரு பையில் போட்டு, பையை எஞ்சின் சாவியோடு கட்டி வையுங்கள். அப்போதுதான் திரும்பி வந்து மறந்துபோய் ஓட்ட மாட்டீர்கள். டீசல் தொட்டியை நிரப்பி, பூஞ்சை தடுக்கும் மருந்தைக் கலந்துவிடுங்கள். வெப்பநாட்டில் பாதி காலியான தொட்டியின் சுவரில் நீர் வியர்க்கும், அந்த நீரில்தான் பூஞ்சை வளரும்.

நன்னீராக்கும் கருவி இருந்தால் அதன் கையேட்டில் சொன்ன பதப்படுத்தும் திரவத்தை ஓட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் சவ்வு கெட்டுப்போகும். ஈய பேட்டரி முழு சார்ஜில் இருக்கலாம். லித்தியம் பேட்டரியைப் பாதி சார்ஜில் வைத்து இணைப்பைக் கழற்றுங்கள். குளிர்பெட்டிக் கதவு திறந்தே இருக்கட்டும்.

பூசணம்தான் பெரிய எதிரி. உள்சுவர், கூரை, அலமாரி எல்லாவற்றையும் வினிகர் கலந்த தண்ணீரில் துடையுங்கள். மெத்தைகளைச் செங்குத்தாக நிறுத்துங்கள், அலமாரிக் கதவுகளைத் திறந்து வையுங்கள். மழை புகாமல் காற்று மட்டும் வரும் துளைகளை மூடாதீர்கள். அட்டைப்பெட்டி ஒன்றுகூட உள்ளே இருக்கக் கூடாது, அதன் மடிப்பில்தான் கரப்பான் முட்டை இருக்கும். மரப்பெட்டி மூலைகளில் போரிக் பொடி தூவுங்கள். வெளியே, தொட்டிகளின் காற்றுக் குழாய் வாய்களில் மெல்லிய வலை கட்டுங்கள். குளவி மண் பூசி அடைத்துவிடும். அடுத்த ஆண்டு தண்ணீர் தொட்டி ஏன் நிரம்பவில்லை என்று அரை நாள் மண்டையை உடைத்துக்கொள்வீர்கள்.

படகு பள்ளத்தில் இறங்கிய பிறகு ஓட்டுத்தளத்தின் வடிகால் வால்வுகள் திறந்திருக்கின்றனவா என்று தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். தண்ணீரில் இருக்கும்போது மூடும் பழக்கம் கையோடு வந்துவிடும். மூடியிருந்தால் ஒரு பெருமழையில் தளம் நிரம்பி உள்ளே வழியும். படகு கரையிலேயே மூழ்கும். தரையில் பதித்த கொக்கிகளோடு பட்டைகளை இறுக்கிக் கட்டுங்கள்.

எல்லாவற்றையும் போனில் படம் எடுங்கள். காப்பீட்டுக்கும் உதவும், உங்கள் நினைவுக்கும் உதவும்.

நியூசிலாந்துக்குப் போகிறவர்களுக்கு

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஓப்புவா வரை சுமார் 1,100 கடல் மைல், எட்டிலிருந்து பன்னிரண்டு நாள். வெப்பமண்டலத்தை விட்டு வெளியே போகும் தாவல் இது. குளிரும், எதிர்க்காற்றும், மேற்கிலிருந்து வரும் காற்றழுத்தத் தாழ்வுகளும் உண்டு. அதுவரை வந்த தூரமெல்லாம் இதற்குப் பயிற்சி ஆகாது. அக்டோபர் கடைசியில் நல்ல இடைவெளி பார்த்துக் கிளம்புவது வழக்கம். படகின் அடிப்பாகத்தில் பாசியும் சிப்பியும் இருந்தால் நியூசிலாந்து அதிகாரிகள் திருப்பி அனுப்பவும் செய்வார்கள். அடிப்பகுதியைக் கிளம்பும் முன் சுத்தம் செய்து, ரசீதும் படங்களும் வைத்திருங்கள். உடம்பு களைத்திருந்தால் இந்த ஒரு தாவலுக்கு மட்டும் துணைக்கு ஆள் சேர்த்துக்கொள்வதில் எந்த வெட்கமும் இல்லை. படகை விற்கும் எண்ணம் இருந்தால், வாங்க ஆள் அதிகம் கிடைப்பது நியூசிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும்தான்.

கிளம்பும் நாள்

சாவி ஒன்றை மரினா அலுவலகத்தில் கொடுத்து, புயல் எச்சரிக்கை வந்தால் யார் பட்டைகளைச் சரிபார்ப்பார்கள், அதற்கு என்ன கட்டணம் என்று எழுதி வாங்குங்கள். அவசரக் காலத் தகவல் கருவியைப் படகில் விடுவதானால் தவறி இயங்காத நிலையில் இருக்கிறதா என்று பாருங்கள். நாடியில்தான் அந்தப் பகுதியின் புயல் எச்சரிக்கை மையம் இருக்கிறது; அதன் அறிவிப்புப் பக்கத்தைப் போனில் சேமித்துக்கொண்டால் ஊரிலிருந்தே பார்க்கலாம்.

விமான நிலையம் வூடாவிலிருந்து பக்கம்தான். பையில் அடுத்த ஆண்டுக்கு வேண்டிய உதிரிபாகப் பட்டியல் இருக்கட்டும், அளவும் மாடல் எண்ணும் போட்டு. திரும்பி வரும்போது அவற்றைக் கையோடு கொண்டுவந்தால், வெளிநாட்டுப் படகுக்கான பொருள் என்று காட்டப் படகின் பதிவுச் சான்று நகலும் சுங்கத்தில் வாங்கிய அனுமதிக் கடிதமும் கையில் வேண்டும். இரண்டையும் படகில் பூட்டிவிட்டுப் போய்விடாதீர்கள்.